மவுஸைத் தொடாமல் நிரல் எழுத லினக்ஸை அமைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர், லினக்ஸுக்குப் புதிதாக வந்த நண்பர், கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகள் என்று யார் என் திரையை எட்டிப் பார்த்தாலும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் வாட்ஸாப்பில் தனித்தனியாகத் தட்டி அலுத்துவிட்டது, அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுவிடுகிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

இங்கே சொல்வதெல்லாம் டெபியன் 13, ஸ்வே அல்லது ஐ3, ஃபூட் டெர்மினல், டிமக்ஸ், நியோவிம் என்ற கூட்டணிக்கு (எது எதற்கு என்று கீழே வருகிறது). வேறு டிஸ்ட்ரோ, அதாவது லினக்ஸின் வேறொரு வடிவம் என்றால் தொகுப்பின் பெயர் மாறலாம், மற்றபடி கதை ஒன்றுதான். கட்டளைகளை ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், டெர்மினலில், அதாவது கட்டளை அடிக்கும் திரையில், அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

மவுஸே தொடாம வேலை செய்யறது சும்மா படம் காட்டத்தானே ப்ரோ?

பாதிப் பேர் அதற்காகத்தான் ஆரம்பிக்கிறார்கள், அதில் தப்பும் இல்லை. ஆனால் தொடர்ந்து இதிலேயே இருப்பவர்கள் வேகத்துக்காக இருப்பதில்லை. மவுஸால் செய்த ஒரு வேலையை "அதையே மறுபடி செய்" என்று கணினியிடம் சொல்ல வழி கிடையாது. விசைப்பலகையில் செய்ததைச் சொல்லலாம். உதாரணத்துக்கு, நியோவிம் எடிட்டரில் இரட்டை மேற்கோளுக்குள் இருக்கும் ஒரு பெயரை மாற்ற வேண்டும் என்று வையுங்கள். அந்தப் பெயரைத் தேடிப் போய் நின்று சி, ஐ, மேற்கோள்குறி என்று மூன்று விசை அழுத்தினால் உள்ளே இருப்பது அழிந்து எழுத இடம் கிடைக்கும், புதுப் பெயரை அடித்து எஸ்கேப். அடுத்த இடத்துக்கு என், அங்கே அதே மாற்றத்துக்கு ஒரு புள்ளி. அப்புறம் என், புள்ளி, என், புள்ளி. நடுவில் மாற்றக்கூடாத இடம் வந்தால் புள்ளியை விட்டுவிட்டு மறுபடி என்.

மவுஸை ஒளித்து வைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. படம் வெட்டுவதற்கும் வரைபடம் போடுவதற்கும் நானும் மவுஸைத்தான் எடுக்கிறேன்.

மொத்தமா என்னென்ன வேணும்? லிஸ்ட் மாதிரி சொல்லுங்களேன்

ஐந்து அடுக்கு. விசைகளை மாற்றி அமைக்க கீடி, விண்டோக்களைத் தானே அடுக்கிவைக்க ஸ்வே அல்லது ஐ3, டெர்மினலுக்கு ஃபூட் (ஸ்வேயில் மட்டும், ஐ3யில் அது ஓடாது, அங்கே வேறு டெர்மினல்), அமர்வைப் பிடித்துவைக்க டிமக்ஸ், எழுத நியோவிம் (விஐ, அதன் வழிவந்த விம் என்ற பழைய எடிட்டர்களின் புது வடிவம்). இதோடு கோப்பைப் பெயரால் பிடிக்க எஃப்இசட்எஃப், கோப்புகளுக்குள் தேட ரிப்கிரெப். இவையெல்லாம் டெபியனின் நிறுவும் கட்டளையான ஆப்ட்டிலேயே கிடைக்கின்றன.

ஆனால் ஐந்தையும் ஒரே சனிக்கிழமையில் போடாதீர்கள். நான் பார்த்தவரை கைவிட்டவர்கள் எல்லோரும் ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றியவர்கள்தான். திங்கட்கிழமை வேலை வந்து நிற்கும், எது எங்கே இருக்கிறது என்று தெரியாது, மறுபடி பழைய டெஸ்க்டாப்புக்கே போய்விடுவார்கள். இப்போது இருக்கும் க்னோமிலோ எக்ஸ்எஃப்சிஇயிலோ இருந்துகொண்டே முதலில் கேப்ஸ் லாக்கை மாற்றுங்கள், அடுத்து நியோவிம், அது கைக்கு வந்ததும் டிமக்ஸ். விண்டோ மேனேஜர் கடைசி.

டெபியனா, உபுண்டுவா, ஆர்ச்சா?

ஏற்கெனவே எது இருக்கிறதோ அது. டெபியன் 13 வந்தது 2025 ஆகஸ்டில், அதில் நியோவிம் 0.10 இருக்கிறது, தொடங்க அது தாராளம். ஆர்ச்சில் எல்லாம் புதுசாக இருக்கும், ஆனால் புதுப்பித்த அன்று எதுவாவது இடறினால் சரிசெய்ய நேரம் ஒதுக்க வேண்டும்.

டெபியன், உபுண்டுவில் மட்டும் ஒரு சின்ன விஷயம் எல்லோரையும் குழப்பும். எஃப்டி என்ற தேடல் கருவியை நிறுவிவிட்டு எஃப்டி என்று அடித்தால் கட்டளையே இல்லை என்று வரும். அந்தப் பெயரில் ஏற்கெனவே வேறொரு நிரல் இருந்ததால் அங்கே அது எஃப்டிஃபைண்ட். பேட் என்ற கருவியும் இதே காரணத்தால் பேட்கேட். டெர்மினலில் கட்டளைகளை வாங்கும் பேஷின் அமைப்புக் கோப்பில் ஒரு ஏலியஸ் (மாற்றுப் பெயர்) போட்டுவிட்டு மறந்துவிடலாம்.

என்கிட்ட 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப்தான் இருக்கு, ஓடுமா?

ஓடும். நியோவிம், டிமக்ஸ், ஐ3 மூன்றும் சேர்ந்து தின்னும் நினைவகம் ஒரு பிரவுசர் டேப் அளவுக்குக்கூட வராது. உங்களை நெருக்கப்போவது பிரவுசரும், பின்னால் சொல்லப்போகிற லாங்குவேஜ் சர்வரும்தான். ஜாவா, ரஸ்ட் மாதிரி மொழிகளின் சர்வர் ஒரு பெரிய திட்டத்தைத் திறந்தால் 4 ஜிபி திணறும். சி, கோ, பைத்தான் என்றால் சமாளிக்கலாம்.

விம்முக்குள்ள போயிட்டேன், வெளிய வரத் தெரியல!

எஸ்கேப் அழுத்துங்கள், எழுதும் நிலையிலிருந்து கட்டளை நிலைக்கு வருவீர்கள். கோலன், க்யூ, ஆச்சரியக்குறி, எண்டர். சேமித்துவிட்டு வர வேண்டுமென்றால் கோலன், டபிள்யூ, க்யூ, எண்டர். இது உங்களுக்கு மட்டும் வரும் கஷ்டமில்லை. 2017இல் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளமே, விம்மிலிருந்து வெளியேறுவது எப்படி என்ற கேள்வியைப் பத்து லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள் என்று அறிவித்தது.

வெளியே வந்ததும் விம்டியூட்டர் என்று அடியுங்கள், நியோவிம்மில் என்றால் கோலன் போட்டு டியூட்டர். அரை மணி நேரப் பாடம், செய்து பார்த்தே படிக்கலாம். அதை முடிக்காமல் யூடியூப் பக்கம் போகாதீர்கள்.

அம்புக்குறி விசை இருக்கும்போது எச், ஜே, கே, எல்னு எதுக்கு இந்தப் பாடு?

பில் ஜாய் 1976 வாக்கில் விஐ எழுதியபோது அவர் முன்னால் இருந்தது ஏடிஎம்-3ஏ என்ற டெர்மினல். அதில் தனி அம்புக்குறி விசைகளே கிடையாது, எச், ஜே, கே, எல் விசைகளின் மேல்தான் இடது, கீழ், மேல், வலது அம்புகள் அச்சிடப்பட்டிருந்தன. எஸ்கேப் விசை இன்றைய டேப் இருக்கும் இடத்தில் இருந்தது. இதைத் தெரிந்துகொண்டால் எஸ்கேப்பை ஏன் இவ்வளவு தூரத்தில் வைத்தார்கள் என்ற எரிச்சலும் கொஞ்சம் அடங்கும்.

அம்புக்குறியைப் பயன்படுத்தினால் யாரும் அடிக்கப் போவதில்லை. நியோவிம்மில் அது நன்றாகவே வேலை செய்யும். உண்மையில் ஜே, கே என்று ஒவ்வொரு வரியாக இறங்கி ஏறுவதும் பெரிய திறமை இல்லை. தேடுவது, எஃப் போட்டு வரிக்குள் ஓர் எழுத்துக்குத் தாவுவது, அடைப்புக்குறிக்கு இணையான அடைப்புக்குப் போவது, இவைதான் நேரத்தை மிச்சம் பிடிக்கும். ஒரு எச்சரிக்கை: புதிதாக நிறுவிய டெபியனில் விஐ என்று அடித்தால் வருவது விம்-டைனி. அதில் எழுதும்போது அம்புக்குறியை அழுத்தினால் ஏ, பி, சி, டி என்று எழுத்துகள் விழும். விசைப்பலகை கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம், முழு விம்மை நிறுவினால் போய்விடும்.

கேப்ஸ் லாக்கை மாத்தச் சொல்றாங்களே, எதுவா மாத்தறது?

தட்டினால் எஸ்கேப், பிடித்துக்கொண்டால் கண்ட்ரோல். இது ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை எல்லாம் விட்டுவிட்டாலும்கூட லாபம்தான்.

இதற்கு நான் பரிந்துரைப்பது கீடி. அது கெர்னலுக்குப் பக்கத்திலேயே விசைகளைப் பிடித்துக்கொள்வதால் எக்ஸ்11, வேலாண்ட் (விண்டோக்களைத் திரையில் காட்டும் பழைய, புதிய அடித்தளங்கள்), வெறும் கருப்புத் திரை கன்சோல் என்று எங்கும் ஒரே மாதிரி இயங்கும். கணினியின் பொது அமைப்புக் கோப்புகள் இருக்கும் ஈடிசிக்குள் கீடி என்ற கோப்புறையில் டீஃபால்ட்.கான்ஃப் என்ற கோப்பு. ஐடிஸ் என்ற பகுதியில் ஒரு நட்சத்திரக்குறி, மெயின் என்ற பகுதியில் கேப்ஸ்லாக் சமம் ஓவர்லோட், அடைப்புக்குள் கண்ட்ரோல், காற்புள்ளி, எஸ்க். அவ்வளவுதான். ஏடாகூடமாக எழுதி விசைப்பலகையே பூட்டிக்கொண்டால் பேக்ஸ்பேஸ், எஸ்கேப், எண்டர் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள், கீடி தானே நின்றுவிடும். அமைப்பதற்கு முன்னால் இதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் தேவைப்படும் நேரத்தில் தேடிப் பார்க்க முடியாது.

ஐ3யா ஸ்வேயா? ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்றாங்க

பழக்கத்தில் ஏறக்குறைய ஒன்றுதான். ஐ3 எக்ஸ்11க்கு, 2009இல் மைக்கேல் ஸ்டாப்பல்பெர்க் தொடங்கியது. ஸ்வே அதே பாணியை வேலாண்டுக்குக் கொண்டுவந்தது, அதன் 1.0 பதிப்பு 2019இல் வெளியானது. ஐ3யின் அமைப்புக் கோப்பை ஸ்வேயில் போட்டால் பெரும்பாலும் அப்படியே ஓடும்.

இன்டெல் அல்லது ஏஎம்டி கிராஃபிக்ஸ் என்றால் ஸ்வே. என்விடியாவின் சொந்த டிரைவர்தான் வேண்டும் என்றால் ஐ3. ஸ்வேகாரர்கள் அந்த டிரைவரை ஆதரிப்பதில்லை, வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்கள். இன்னொரு வித்தியாசம் விரலுக்கு உடனே தெரியும். ஸ்வேயில் விண்டோவுக்கு விண்டோ நகர எச், ஜே, கே, எல். ஐ3யில் இயல்பாக இருப்பது ஜே, கே, எல், அரைப்புள்ளி, அதாவது ஒரு விசை வலது பக்கம் தள்ளி. விம் பழகிய கைக்கு இது பைத்தியம் பிடிக்க வைக்கும், முதல் வேலையாக அமைப்புக் கோப்பில் மாற்றுங்கள். அதில் எச் ஏற்கெனவே கிடைமட்டப் பிரிப்புக்குப் போயிருக்கும், அதற்கு வேறு விசை கொடுக்க மறக்காதீர்கள்.

ஐ3 போட்டேன், சவுண்டு பட்டன் வேலை செய்யல, வெளிச்சம் குறைக்க முடியல, வைஃபை எங்க இருக்குன்னே தெரியல

ஐ3, ஸ்வே எல்லாம் விண்டோவை அடுக்குவதோடு சரி. க்னோம் உங்களுக்குத் தெரியாமல் செய்துகொடுத்த வேலைகளை இங்கே ஒவ்வொன்றாக நீங்கள் பொருத்த வேண்டும். வைஃபைக்கு டெர்மினலில் என்எம்டியுஐ, பார்க்க நீலத்திரைப் பழங்காலம் மாதிரி இருந்தாலும் கச்சிதமாக வேலை செய்யும். வெளிச்சத்துக்கு பிரைட்னெஸ்கண்ட்ரோல் என்ற சின்ன நிரல், பெயரில் கண்ட்ரோல் என்பது சி, டி, எல் மட்டும். ஒலிக்கு டபிள்யூபிசிடிஎல், ஒலியைக் கையாளும் பைப்வயரின் துணை நிரலான வயர்பிளம்பருடன் வரும். இவற்றை அமைப்புக் கோப்பில் அந்தந்த விசையோடு ஒரு வரியில் கட்டிவிட வேண்டும். அறிவிப்புகளுக்கு ஐ3யில் டன்ஸ்ட், ஸ்வேயில் மாகோ. ஒரு மாலை நேர வேலை.

விண்டோ மேனேஜரே திரையைப் பிரிக்குதே, அப்புறம் டிமக்ஸ் எதுக்கு?

பிரிப்பதற்காக என்றால் தேவையே இல்லை. டிமக்ஸின் பயன் வேறு. எஸ்எஸ்எச் (தொலைவில் இருக்கும் கணினிக்குள் நுழையும் வழி) போட்டு ஒரு சர்வரில் இரண்டு மணி நேரம் ஓடும் வேலையைத் தொடங்கிவிட்டீர்கள், கரண்ட் போய் மோடமும் அணைந்துவிட்டது. டிமக்ஸ் இல்லையென்றால் பெரும்பாலும் அந்த வேலையும் செத்துப்போகும். இருந்தால் சர்வரில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், கரண்ட் வந்ததும் டிமக்ஸ் அட்டாச் என்று அடித்தால் விட்ட இடத்திலேயே திரை வந்து நிற்கும். டிமக்ஸை அந்த சர்வரில் ஓட்ட வேண்டும் என்பதை மட்டும் கவனியுங்கள், உங்கள் லேப்டாப்பில் ஓட்டினால் இதற்கு உதவாது.

சொந்த இயந்திரத்தில் வேலைக்கு ஓர் அமர்வு என்று பெயர் வைத்துக்கொள்வது எனக்குப் பிடிக்கும். கண்ட்ரோல் பி (ஏ, பி, சி வரிசையின் பி), அப்புறம் எஸ் அழுத்தினால் எல்லா அமர்வும் பட்டியலாக வரும்.

டிமக்ஸுக்குள்ள நியோவிம் திறந்தா எஸ்கேப் அழுத்தினதும் அரை நொடி தூங்குதே?

எஸ்கேப்பாகவே அனுப்பினீர்களா, அல்லது ஆல்ட் சேர்த்த விசையின் முதல் பாதியா என்று டிமக்ஸ் காத்திருந்து பார்க்கிறது. பழைய பதிப்புகளில் அந்தக் காத்திருப்பு 500 மில்லிநொடி. அமைப்புக் கோப்பில் எஸ்கேப்-டைம் என்பதை 10 ஆக்குங்கள். 3.5 பதிப்பிலிருந்து அதுவே இயல்பாகிவிட்டதால் டெபியன் 13இல் இந்தத் தொல்லை இல்லை, டெபியன் 12இல் இருக்கும்.

டெர்மினல் அப்படியே உறைஞ்சு போச்சு, எதை அடிச்சாலும் வரல

பழக்க தோஷத்தில் சேமிக்கிறேன் என்று கண்ட்ரோல் எஸ் அழுத்தியிருப்பீர்கள். அது டெலிடைப் காலத்து "கொஞ்சம் நிறுத்து" சைகை. கண்ட்ரோல் க்யூ அழுத்துங்கள், அதுவரை அடித்ததெல்லாம் மொத்தமாக வந்து கொட்டும். இனி வரவே கூடாது என்றால் பேஷ் அமைப்பில் எஸ்டிடிஒய், இடைவெளி விட்டு, கழித்தல்குறி ஐக்ஸான் என்று ஒரு வரி.

நியோவிம்ல காப்பி பண்ணினது பிரவுசர்ல பேஸ்ட் ஆகலையே

நியோவிம் தன் பதிவேடுகளில்தான் வைத்துக்கொள்ளும், வெளியே கொடுக்க ஒரு தூதர் வேண்டும். வேலாண்டில் டபிள்யூஎல்-கிளிப்போர்டு, எக்ஸ்11இல் எக்ஸ்கிளிப். நிறுவிவிட்டு, நகலெடுக்கும்போது மேற்கோள்குறி, கூட்டல்குறி, ஒய் என்று அழுத்துங்கள். வரவில்லையென்றால் கோலன் போட்டு செக்ஹெல்த், எது குறைகிறது என்று அதுவே சொல்லும். இந்த செக்ஹெல்த்தை எல்லாச் சிக்கலுக்கும் முதலில் ஓட்டிப் பாருங்கள், என்னிடம் கேட்பதைவிட அது சீக்கிரம் பதில் சொல்லும்.

எஸ்எஸ்எச் வழியாக எட்ட இருக்கும் இயந்திரத்தில் நகலெடுத்தது உங்கள் திரைக்கு வர வேண்டுமென்றால் தூதர் உதவ மாட்டார். அதற்கு ஓஎஸ்சி 52 என்ற வழி இருக்கிறது, நகலை டெர்மினலின் வழியாகவே கடத்தும். நியோவிம் 0.10க்குள்ளேயே இருக்கிறது, ஃபூட்டுக்கும் தெரியும். நடுவில் டிமக்ஸ் இருந்தால் அதில் செட்-கிளிப்போர்டு ஆன்.

ரெடிமேடா ஒருத்தரோட கான்ஃபிக்கை எடுத்துப் போட்டுக்கலாமா? திரை அழகா இருக்கே

போடலாம், ஆனால் அவர் எதற்காக எந்த வரியை எழுதினார் என்று உங்களுக்குத் தெரியாது, அவருக்கும் பாதி மறந்திருக்கும். ஸ்பேஸ் அழுத்தினால் ஒரு பெட்டி குதிக்கிறது, அதை எப்படி நிறுத்துவது என்று கேட்டு வருபவர்கள் எல்லோரும் இப்படிப் போட்டவர்கள்தான். என் கருத்தில் முதல் மாதம் பிளகினே வேண்டாம். வரி எண், தேடலில் பெரிய சிறிய எழுத்து வித்தியாசம் பார்க்காமை, டேபுக்கு எத்தனை இடைவெளி, நிரந்தர அன்டூ, இந்த நான்கைந்து அமைப்பு போதும். வரிகளைக் கமெண்ட் ஆக்க ஜி, சி, சி என்பதே 0.10இலிருந்து உள்ளேயே வந்துவிட்டது, அதற்குக்கூட முன்பு பிளகின் போட்டுக்கொண்டிருந்தோம்.

ஒவ்வொரு பிளகினையும் போடும் முன் அது இல்லாமல் எந்த வேலை தடைபடுகிறது என்று சொல்லிப் பாருங்கள். சொல்ல முடிந்தால் போடுங்கள்.

விஎஸ் கோட்ல வர்ற மாதிரி ஆட்டோ கம்ப்ளீட், தவறைச் சிவப்புல காட்டுறது எல்லாம் வருமா?

வரும், பெரும்பாலும் அதே மூளையிலிருந்துதான். 2016இல் மைக்ரோசாஃப்ட் லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால் என்ற ஒப்பந்தத்தை வெளியிட்டது. ஒவ்வொரு எடிட்டரும் ஒவ்வொரு மொழியையும் தனியாகப் புரிந்துகொள்ளத் தேவையில்லை, மொழியைப் புரிந்த ஒரு சர்வர் தனியாக ஓடும், எடிட்டர் அதனிடம் கேட்டுக்கொள்ளும். சி மொழிக்கு கிளாங்டி, கோவுக்கு கோப்ல்ஸ், ரஸ்டுக்கு ரஸ்ட்-அனலைசர். நியோவிம்மில் இதற்கான பகுதி 0.5 பதிப்பிலிருந்தே உள்ளே இருக்கிறது.

இங்கே எல்லோரும் மாட்டிக்கொள்ளும் ஓர் இடம் உண்டு. இணையத்தில் இப்போது கிடைக்கும் வழிகாட்டிகள் பல, விம்.எல்எஸ்பி.எனேபிள் என்று ஒரு வரி போட்டால் போதும் என்கின்றன. அது 0.11இல் வந்தது. டெபியன் 13இல் இருப்பது 0.10, அதனால் அப்படி ஒன்றே இல்லை என்று பிழை வரும். என்விம்-எல்எஸ்பிகான்ஃபிக் என்ற பிளகினைப் பழைய முறையில் அமைக்கலாம், இல்லையென்றால் நியோவிம் திட்டமே வெளியிடும் தொகுப்புக் கோப்பை (டார்பால்) இறக்கி உங்கள் ஹோம் கோப்புறையில் வைத்துக்கொள்ளலாம். இரண்டாவதுதான் எனக்குச் சுலபமாகப் படுகிறது. சர்வர் இணைந்ததும் கே அழுத்தினால் விளக்கம் வரும், இது பெரிய எழுத்து கே. கண்ட்ரோலோடு வலது சதுர அடைப்பை அழுத்தினால் அந்தப் பெயர் வரையறுக்கப்பட்ட இடத்துக்குத் தாவும். திரும்பி வர கண்ட்ரோல் டி, ஆங்கில வரிசையில் எஸ்ஸுக்கு அடுத்து வரும் டி.

இதுல தமிழ் எப்படி அடிக்கிறது?

எஃப்சிஐடிஎக்ஸ்5 என்ற உள்ளீட்டுக் கருவி, அதோடு பல மொழிகளின் தட்டச்சு முறைகள் அடங்கிய எம்17என் தொகுப்பு. நிறுவிவிட்டு அதன் அமைப்பில் தமிழ்99 அல்லது ஃபொனெட்டிக்கைச் சேருங்கள். பட்டியலில் இரண்டு விதமாகத் தமிழ் தெரியும், எம்17என் என்று குறித்திருப்பதை எடுங்கள். வெறும் விசைப்பலகைத் தளக்கோலமாக வருவதில் ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்ற கணக்குதான் இருக்கும். க அடித்து அடுத்து உ அடித்தால் கு ஆக்கும் அறிவும், ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதற்குத் தானே புள்ளி வைக்கும் வசதியும் அதற்குக் கிடையாது.

இதில் இன்னொரு நன்மை இருக்கிறது. தளக்கோலத்தையே தமிழுக்கு மாற்றினால் விண்டோ மேனேஜரின் குறுக்குவழிகள் குழம்பலாம், ஏனென்றால் அது ஜே என்று காத்திருக்கும், வருவது வேறு. அப்படித்தான் வேண்டும் என்பவர்கள் ஸ்வேயில் பைண்ட்சிம்முடன் டு-கோட் என்ற தெரிவையும், ஐ3யில் பைண்ட்கோடையும் பயன்படுத்த வேண்டும்.

தமிழ்99ல இருக்கும்போது எஸ்கேப் போட்டுட்டு ஜே அழுத்தினா கீழ இறங்க மாட்டேங்குது, மறந்து மறந்து போகுது

போகத்தான் செய்யும். தமிழ்99இல் எச், ஜே, கே, எல் விசைகள் க, ப, ம, த. நடு வரிசையில் வலது கைக்கு அடிக்கடி வரும் மெய்களை வைத்திருக்கிறார்கள், விம் அதே இடத்தில் நகரும் விசைகளை வைத்திருக்கிறது. இரண்டு பேரும் ஒரே நாற்காலிக்கு அடித்துக்கொள்கிறார்கள்.

தீர்வு நியோவிம்மிடமே வேலையை விடுவது. எழுதும் நிலையிலிருந்து வெளியேறும்போது ஓடும்படி ஓர் ஆட்டோகமாண்ட் போட்டு, எஃப்சிஐடிஎக்ஸ்5-ரிமோட் என்ற கட்டளையை அழைக்க வேண்டும். வெறுமனே அழைத்தால் 2 என்று சொன்னால் தமிழ் இயங்குகிறது, 1 என்றால் அணைந்திருக்கிறது. 2 என்றால் அதைக் குறித்துவைத்துக்கொண்டு, கழித்தல்குறி சி போட்டு அணைக்க வேண்டும். மறுபடி எழுதும் நிலைக்குள் நுழையும்போது குறிப்பு இருந்தால் கழித்தல்குறி ஓ போட்டு எழுப்ப வேண்டும். நியோவிம்மின் அமைப்பு மொழியான லுவாவில் பத்துப் பன்னிரண்டு வரி. அதற்கப்புறம் தமிழில் எழுதி, எஸ்கேப், மூன்று வரி மேலே போய், மறுபடி ஐ அழுத்தினால் தமிழே வரும், கை எதையும் நினைவில் வைக்க வேண்டாம். விம்மோடு வரும் தமிழ் கீமேப் கோப்பு என்று ஒன்று கண்ணில் படும், அது டிஸ்கி குறியாக்கத்துக்கு எழுதியது, யூனிகோடுக்கு ஆகாது.

டெர்மினல்ல தமிழ் எழுத்து பிஞ்சு பிஞ்சு தெரியுது, கர்சர் ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம் நிக்குது. ஃபாண்ட் மாத்தினா சரியாகுமா?

முழுசாகச் சரியாகாது. டெர்மினல் என்பது கட்டம் போட்ட தாள், ஒவ்வோர் எழுத்தும் இத்தனை கட்டம் என்று முன்கூட்டியே கணக்கு. யூனிகோடு தமிழின் உயிர்க்குறிகளை இரண்டு வகையாகப் பிரித்திருக்கிறது: இகரக் குறி இடம் எடுக்கும் வகை, ஈகாரக் குறியும் புள்ளியும் இடம் எடுக்காத வகை. அந்த அட்டவணையை அப்படியே நம்பும் டெர்மினலில் 'கி' இரண்டு கட்டம் பிடிக்கும், 'கீ' ஒரே கட்டத்தில் அடங்கும். எடிட்டரின் கணக்கு இதிலிருந்து வேறாக இருந்தால் கர்சர் எழுத்தைவிட்டு விலகி நிற்கும், வரி நீள நீள விலகல் கூடும். 'கொ' இன்னும் மோசம், நினைவகத்தில் க-வுக்குப் பின்னால் நிற்கும் ஒரே குறி திரையில் இரு பக்கமும் பிரிந்து நிற்க வேண்டும்.

சேமித்த கோப்புக்கு ஒன்றும் ஆகாது, தேடலும் ரிப்கிரெப்பும் சரியாகவே வேலை செய்யும். ஒரு விதிவிலக்கு: சில கருவிகள் 'கொ'வை ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியாகச் சேமிக்கின்றன. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், தேடினால் அகப்படாது. சந்தேகம் வந்தால் கர்சரை அதன்மேல் வைத்து ஜி, ஏ அழுத்துங்கள், உள்ளே என்னென்ன குறியீட்டெண் இருக்கிறது என்று கீழே காட்டும். டிமக்ஸுக்குள் தமிழ் எல்லாம் அடிக்கோடாகவே வந்தால் அது வேறு கதை, லோக்கேல் (கணினியின் மொழி, எழுத்துக் குறியாக்க அமைப்பு) யூடிஎஃப்-8 ஆக இல்லை.

நிரலுக்குள் இரண்டொரு தமிழ்ச் சரம் என்றால் சகித்துக்கொள்ளலாம், நிறைய இருந்தால் பிஓ என்ற மொழிபெயர்ப்புக் கோப்பாகப் பிரித்துவிடுங்கள். நீளமாகத் தமிழ் எழுத டெர்மினலே வேண்டாம். கேட் எடிட்டரில் விஐ உள்ளீட்டு முறை என்று ஒன்று அமைப்பிலேயே இருக்கிறது, எழுத்தும் ஒழுங்காகத் தெரியும், பழகிய விசைகளும் கிடைக்கும்.

அப்ப இமேக்ஸுக்கே போயிடலாமா?

இமேக்ஸ் இன்னொரு பழைய எடிட்டர், தமிழ்தான் முக்கியம் என்றால் அதற்கு மாற அது நல்ல காரணம். 27ஆம் பதிப்பிலிருந்து இமேக்ஸ் எழுத்துருவாக்கத்துக்கு ஹார்ஃப்பஸைப் பயன்படுத்துகிறது, அதனால் அதன் வரைகலை விண்டோவில் மேலே சொன்ன சிக்கல் இல்லை. டெர்மினலுக்குள் ஓட்டினால் அதே கட்டத்தாள்தான். விம் விசைகள் வேண்டுமென்றால் ஈவில் என்ற தொகுப்பு இருக்கிறது. கண்ட்ரோலையே பிடித்துக்கொண்டிருந்தால் சுண்டு விரல் வலிக்கும் என்பது உண்மை, கேப்ஸ் லாக் மாற்றம் இங்கே இன்னும் அவசியம்.

ஆபீஸ்ல விண்டோஸ்தான் கொடுத்திருக்காங்க, மாத்த விட மாட்டாங்க. அப்ப?

டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி) அனுமதித்தால் அதற்குள் டிமக்ஸும் நியோவிம்மும் அப்படியே வரும், விண்டோ மேனேஜரை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் விஎஸ் கோடிலேயே விம் நீட்டிப்பைப் போட்டுப் பழகுங்கள். விசைப் பழக்கம்தான் முதலீடு, அது எங்கே போனாலும் கூட வரும். லினக்ஸே இருந்து, ஸ்வேயில் மீட்டிங்கின்போது திரை பகிர முடியவில்லை என்றால் எக்ஸ்டிஜி-டெஸ்க்டாப்-போர்ட்டல்-டபிள்யூஎல்ஆர் நிறுவியிருக்கிறதா, பைப்வயர் ஓடுகிறதா என்று பாருங்கள். மீட்டிங்குக்கு முதல் நாளே பாருங்கள்.

கை பழக எவ்வளவு நாள் ஆகும்?

முதல் வாரம் மெதுவாகத்தான் இருப்பீர்கள், எரிச்சலும் வரும். அவசர டெலிவரி இருக்கும் வாரத்தில் ஆரம்பிக்காதீர்கள். ஓரிரு மாதத்தில் விசையை யோசிக்காமல் அடிக்க ஆரம்பிப்பீர்கள், அதுவும் தினமும் நிரல் எழுதினால்.

அமைப்பெல்லாம் செஞ்சு முடிச்சேன், லேப்டாப் மாத்தினா மறுபடி முதல்ல இருந்தா?

ஹோமுக்குள் டாட்ஃபைல்ஸ் என்று ஒரு கோப்புறை, அதற்குள் எல்லா அமைப்புக் கோப்பும், அதன் மாற்றங்களைப் பதிந்துவைக்க கிட். குனூ ஸ்டோவ் என்ற சின்னக் கருவி அங்கிருந்து சரியான இடத்துக்குச் சிம்லிங்க் (மூலக் கோப்பைச் சுட்டும் இணைப்பு) போட்டுக்கொடுக்கும். புது இயந்திரத்தில் குளோன் செய்து ஸ்டோவ் ஓட்டினால் முடிந்தது. கடவுச்சொல், ஏபிஐ சாவி எதுவும் உள்ளே போய்விடாமல் பாருங்கள், பொதுவில் வைப்பதாக இருந்தால் இரண்டு முறை பாருங்கள். ஈடிசிக்குள் இருக்கும் கீடி கோப்பு ஹோமுக்கு வெளியே இருப்பதால் இதில் தானாக வராது, ஒரு பிரதியைக் கூடவே போட்டு வையுங்கள்.

கிளையன்ட் சர்வர்ல வெறும் விஐதான் இருக்கு, எதையும் இன்ஸ்டால் பண்ணக் கூடாதுன்னுட்டாங்க. என் கான்ஃபிக் இல்லாம கை ஓடல

அதனால்தான் அடிப்படை விசைகளை மாற்றாதீர்கள் என்று சொல்வது. ஜேஜே அடித்தால் எஸ்கேப், அரைப்புள்ளி அடித்தால் கோலன் என்றெல்லாம் வைத்துப் பழகியவர்கள் சர்வரில் போய் ஜேஜே என்று எழுதிச் சேமித்துவிடுவார்கள். புது வேலைகளை லீடர் விசைக்கு (சொந்தக் கட்டளைகளுக்கு முன் அழுத்த நீங்களே தேர்ந்தெடுக்கும் விசை) பின்னால் வையுங்கள், இயல்பாக இருப்பதை இயல்பாகவே விடுங்கள். கேப்ஸ் லாக் மாற்றத்துக்குக் கவலை இல்லை, அது உங்கள் பக்கத்து விசைப்பலகையிலேயே நடப்பதால் எந்தச் சர்வருக்குள் போனாலும் இருக்கும்.

நிறைய திருத்த வேண்டியிருந்தால் கோப்பை இங்கிருந்தே திறங்கள். நியோவிம்மில் எஸ்சிபி, கோலன், இரண்டு சாய்கோடு, சர்வர் பெயர், அப்புறம் கோப்பின் பாதை என்று கொடுத்தால் இறக்கித் திறக்கும், சேமித்தால் திருப்பி அனுப்பும். கோப்புறையே வேண்டுமென்றால் எஸ்எஸ்எச்எஃப்எஸ் கொண்டு இணைத்துக்கொள்ளலாம், எஸ்எஃப்டிபி (எஸ்எஸ்எச் வழியாகக் கோப்பு அனுப்பும் முறை) திறந்திருந்தால் போதும், சர்வரில் புதிதாக எதையும் நிறுவ வேண்டியதில்லை.